பழம் காத்திருக்காது

ஓசூர்
18.8.2024

அன்புள்ள அக்காவுக்கு, தனபால் எழுதுவது.

இங்கே நானும் நந்தினியும் திவ்யாவும் சுகம். மாமாவின் இருமல் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். மலையில் மழை பிடித்துக்கொண்டதாக டிவியில் சொன்னார்கள். அவரைக் காலைப் பனியில் தோட்டத்துக்குள் இறங்கவிட வேண்டாம்.

நேற்று போனில் நான் குரலை உயர்த்தியது தப்பு. நீங்கள் பாதியில் வைத்துவிட்டீர்களா, சிக்னல் போய்விட்டதா என்று தெரியவில்லை. சிக்னல்தான் என்று வைத்துக்கொள்கிறேன். இனி தொழில் விஷயத்தை எழுதியே பேசிக்கொள்வோம் அக்கா. எழுதும்போது எனக்குக் கோபம் வருவதில்லை.

சொல்ல வந்தது இதுதான். நம் காப்பி வேலை முழுவதையும் செம்மநத்தத்திலிருந்து அடிவாரத்துக்கு இறக்கிவிடலாம். பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர், காயவைக்கும் களம், கொட்டை பொறுக்கும் வேலை எல்லாவற்றையும். அங்கே மெயின் ரோட்டை ஒட்டி ஒரு பழைய ஷெட் வாடகைக்கு இருக்கிறது. கரண்ட் நிற்பதில்லை. லாரி வாசல்வரை வரும். மேலே டிசம்பரில் பனி விலகவே பதினொரு மணியாகிறது. நம் களத்தில் பதினைந்து நாள் கிடப்பது அங்கே எட்டு நாளில் காய்ந்துவிடும். போன வருஷம் நம்மிடம் வாங்கும் பெங்களூர்க்காரர் பூஞ்சை வாசம் என்று மொத்தத்தையும் திருப்பி அனுப்பியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். இன்னொரு தரம் அப்படி ஆனால் அவர் நம் பக்கம் திரும்பமாட்டார்.

பொறுக்குவதற்கு மெஷின் வைக்கலாம். நிறத்தைப் பார்த்தே கருப்பையும் உடைசலையும் அது தள்ளிவிடும். நம் ஷெட்டில் பெண்கள் பதினொரு பேரும் நாள் முழுக்க உட்கார்ந்து பொறுக்குவதை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடும். போன வாரம் அங்கே வந்திருந்தபோது நேரம் பார்த்துக் குறித்துக்கொண்டதை வைத்துச் சொல்கிறேன்.

தோட்டமும் ஷெட்டும் நம் இருவர் பேரிலும் இருப்பதால் நான் தனியாக முடிவெடுக்க முடியாது. மாமாவிடமும் காட்டுங்கள். சீக்கிரம் எழுதுங்கள் அக்கா. ரொம்பச் சீக்கிரம்.

தபால்காரரை எதிர்பார்த்தபடி,
தனபால்


செம்மநத்தம்
1.9.2024

அன்புத் தம்பி தனபாலுக்கு, அக்கா கலாவதி எழுதிக்கொண்டது.

இருக்கிறோம். மாமாவுக்கு இருமல் இரண்டு நாள் விடுகிறது, இரண்டு நாள் பிடிக்கிறது. நந்தினியைக் கேட்டதாகச் சொல். திவ்யாவுக்குப் பரீட்சை எப்போது?

சிக்னல் போகவில்லை. நான்தான் வைத்தேன்.

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "அவன் சொல்றதுல பாதி சரி" என்றார். எந்தப் பாதி என்று கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பூஞ்சை வாசம் வந்தது உண்மை. அந்த மூட்டைகளைப் பிரித்தபோது நானே மூக்கைப் பொத்திக்கொண்டேன். இந்த வருஷமும் அப்படி ஆகிவிடுமோ என்று இப்போதே பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றை மறந்துவிட்டாய். பழம் காத்திருக்காது. காலையில் பறித்ததை அன்று பொழுது சாய்வதற்குள் தோல் உரித்தாக வேண்டும். நம் தோட்டத்துப் பழமும், நமக்குக் கொடுக்கிற மற்ற வீட்டுக்காரர்கள் பழமும் தலைச்சுமையாக வந்து மூன்று மணிக்கெல்லாம் பல்ப்பரில் விழுந்துவிடுகிறது. அடிவாரம் என்றால் பிக்கப்பில் ஏற்றி, ஏற்காட்டைத் தாண்டி, இருபது வளைவும் இறங்க வேண்டும். சனி ஞாயிறில் டூரிஸ்ட் வண்டிகள் நிற்கிற வரிசையை நீ பார்த்ததில்லையா? அதோடு ஆறு கிலோ பழம் கொண்டுபோனால்தான் ஒரு கிலோ கொட்டை. மீதி ஐந்து கிலோ தோலையும் தண்ணீரையும் எதற்காக டீசல் போட்டு இறக்க வேண்டும்?

அப்புறம் அந்தப் பதினொரு பேர். அவர்களைப் பற்றி நீ எழுதியது ஒன்றரை மணி நேரம் என்பது மட்டும்தான். நீ போன பிறகு அம்மாசி கேட்டாள். "ஏனுங்க கலாக்கா, தம்பி வாட்ச்சப் புடிச்சுக்கிட்டு எங்க கையவே பாத்து எழுதிட்டிருந்துச்சே, என்னத்துக்குங்க?" சும்மாதான் என்றேன். அவள் நம்பவில்லை.

இன்னொன்று. உங்கள் கம்பெனியில் ஆகஸ்ட்டில் உனக்கு லீவு கிடைத்ததே இல்லை. இந்தத் தடவை நான்கு நாள் எப்படி விட்டார்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள். வந்திருந்தபோது இளைத்திருந்தாய்.
கலாவதி


ஓசூர்
19.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம். திவ்யாவுக்குக் காலாண்டுப் பரீட்சை நடக்கிறது. நீங்கள் கேட்டவற்றுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

பழம் காத்திருக்காது, சரி. அடிவாரத்தில் சதீஷ் என்று ஒருவர் சொந்தமாகப் பிக்கப் ஓட்டுகிறார். பகல் இரண்டு மணிக்குச் செம்மநத்தத்தில் ஏற்றினால் ஐந்துக்குள் ஷெட்டில் இறக்கிவிடுவேன் என்கிறார். டீசல் செலவு உண்மை. ஆனால் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு வருஷத்துக் காப்பியை அதோடு வைத்துப் பாருங்கள்.

பெண்கள் விஷயம். தொழில் நின்றுவிட்டால் பதினொரு பேருக்கும் வேலை இருக்காது. தொழில் நிற்காமல் இருக்கத்தான் பார்க்கிறேன். ஒரு நாள் முழுக்கப் பொறுக்கினாலும் அம்மாசியின் மூட்டையில் நூற்றுக்கு நான்கு கருப்பு தப்பிவிடுகிறது. மதியத்துக்கு மேல் ஆறு. கண் களைத்துவிடுகிறது. அவர்கள் மேல் குறை சொல்லவில்லை, எந்தக் கண்ணும் களைக்கும்.

ஒரு வாரம் சோதனை செய்து பார்ப்போம். டிசம்பர் முதல் வாரம் பழம் நன்றாக வரும்போது, அந்த ஒரு வாரப் பழத்தை மட்டும் கீழே அனுப்புங்கள். சரிப்படாவிட்டால் விட்டுவிடுகிறேன். ஷெட்டுக்காரர் தீபாவளிக்குள் பதில் கேட்கிறார். கோழித்தீவனக் கடைக்காரர் ஒருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

இனிமேல் கம்பெனி முகவரிக்கு எழுத வேண்டாம் அக்கா. உள்ளே வந்து சேர நாளாகிறது. வீட்டு முகவரிக்கும் வேண்டாம். என் நண்பன் நவீனின் லேத் பட்டறை முகவரியைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம்.
தனபால்


செம்மநத்தம்
13.10.2024

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுத இத்தனை நாளானதற்குக் காரணம் வேலை இல்லை. எழுத உட்காருவேன், எழுந்து போய்விடுவேன்.

மாமா இப்போது தேவலை. சேலத்தில் டாக்டரிடம் காட்டினோம்.

ஒரு வாரச் சோதனைக்குச் சம்மதிக்கிறேன். ஒரு வாரம் மட்டும். மனதில்லாமல்தான் எழுதுகிறேன். ஆனால் களத்தில் நின்று வானத்தைப் பார்த்தே நான் மூன்று டிசம்பரைக் கழித்துவிட்டேன். மேகம் ஏறினால் தார்ப்பாய் போடு, விலகினால் எடு. ஒரு நாளில் ஒன்பது தடவை. அந்தப் பயத்திலிருந்து விடுதலை கிடைத்தால் எனக்கும் நல்லதுதான்.

ஷெட்டில் விஷயம் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. பானுவின் வீட்டுக்காரர் அடிவாரத்தில் கேள்விப்பட்டு வந்து சொல்லியிருக்கிறார். ராசம்மாள் அக்கா மட்டும் என்னிடம் நேராகக் கேட்டார். "கீழ போறதுன்னா நாங்களும் வரலாமுங்களா? இல்ல, மெஷினு மட்டுந்தானுங்களா?" காலை ஆறரை பஸ்ஸைப் பிடித்தாலும் போய்வர ஐந்து மணி நேரம் ஆகுமே என்றேன். "வேலை இருந்தாப் போயிட்டு வாறமுங்க" என்றார். அவருக்கு முழங்காலை மடக்கவே முடியவில்லை. பஸ் படியில் மற்றவர்கள்தான் தூக்கிவிட வேண்டும்.

தனபால், கம்பெனிக்கும் எழுதக்கூடாது, வீட்டுக்கும் எழுதக்கூடாது என்றால் எனக்கு என்னவோ போல் இருக்கிறது. நந்தினிக்கும் உனக்கும் ஏதாவது மனஸ்தாபமா? எதுவாக இருந்தாலும் எழுது. போன கடிதத்தில் லீவைப் பற்றி நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

தீபாவளிக்கு மூவரும் வந்துவிடுங்கள்.
கலாவதி


ஓசூர்
4.11.2024

அக்காவுக்கு,

தீபாவளிக்கு வர முடியாமல் போய்விட்டது. மன்னியுங்கள். எல்லோரும் நலம். நந்தினிக்கும் எனக்கும் ஒரு சண்டையும் இல்லை.

ஷெட்டை எடுத்துவிட்டேன். சோதனைக்குத்தானே என்று நினைக்காதீர்கள், விட்டிருந்தால் போயிருக்கும். பழைய பல்ப்பர் ஒன்றும் வாடகைக்குக் கிடைத்தது. டிசம்பர் இரண்டாம் தேதி திங்கட்கிழமை பகல் இரண்டு மணிக்குச் சதீஷ் வண்டி வரும். நாற்பது மூட்டை ஏற்றுங்கள். பழத்தை இறுக்கிக் கட்ட வேண்டாம்.

இது சரியாக வர வேண்டும் அக்கா. வந்தே ஆக வேண்டும்.

தனபால்


செம்மநத்தம்
6.12.2024

தனபாலுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். ஊரில் யாருக்கும் அடி இல்லை. முதலில் அதைத் தெரிந்துகொள். நான்கு நாளாகக் கரண்ட் இல்லாததால் போன் செய்ய முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை திங்கட்கிழமை மதியம் கொஞ்சம் விட்டது. வண்டி வந்து நின்றது. அனுப்பலாமா வேண்டாமா என்று மாமாவைக் கேட்டேன். மாமா, "பறிச்சாச்சு, இனி என்ன பண்றது, ஏத்து" என்றார். நாற்பது மூட்டையும் ஏற்றினோம். இங்கே பல்ப்பர் சும்மா நின்றது. அதை நினைத்தால்தான் இன்னும் நெஞ்சு எரிகிறது.

பத்தாவது வளைவுக்குக் கீழே மண் சரிந்து மரத்தோடு ரோட்டில் விழுந்திருக்கிறது. பின்னால் பஸ், கார், வேன் என்று அடைத்துக்கொண்டதால் வண்டியைத் திருப்ப முடியவில்லை. சுற்று வழியும் அடைபட்டுவிட்டது. மூட்டைகள் மூன்று நாள் வண்டியிலேயே கிடந்தன. சதீஷ் நேற்றுதான் நடந்தும் பைக்கிலுமாக மேலே வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மூட்டைக்குள்ள கைய விட்டனுங்க. சோத்துப் பானைக்குள்ள விட்டாப்பல சூடுங்க. புளிச்ச வாசம் நாலு வண்டி தள்ளி அடிச்சுதுங்க. நொம்பச் சங்கடமாப் போச்சுங்க." எதுவும் தேறாது என்று உனக்கே தெரிந்திருக்கும்.

அந்தப் பழத்தில் பாதி நம்முடையதில்லை. கொடுத்தவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இதற்காக உன்னைத் திட்டப் போவதில்லை. மழையை நீ வரவழைக்கவில்லை. ஆனால் சதீஷ் போகும்போது இன்னொன்றும் சொன்னார். "செவ்வாக்கெழம பூரா தனபாலு ரோட்டுலயே நின்னுக்கிட்டு இருந்தாருங்க. பாவமா இருந்துச்சுங்க." செவ்வாய்க்கிழமை அவன் எப்படி அங்கே இருப்பான், கம்பெனி இல்லையா என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "மாசத்துல பாதி நாளு அடிவாரத்துலதானுங்களே இருக்காரு" என்றார்.

தம்பி, நீ வேலைக்குப் போகிறாயா?

உடனே எழுது.
அக்கா


செம்மநத்தம்
29.12.2024

தம்பிக்கு,

மூன்று வாரமாகிவிட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் அடித்து ஓய்கிறது. பட்டறை முகவரிக்கே இதையும் அனுப்புகிறேன். சேர்கிறதோ இல்லையோ.

பொறுக்க முடியாமல் நந்தினிக்குப் போன் செய்தேன். "அவர் டியூட்டிக்குப் போயிருக்காருங்க அண்ணி. இப்பல்லாம் கம்பெனி வேலையா அடிக்கடி சேலத்துக்கு அனுப்பறாங்க. நொம்ப அலைச்சல்" என்றாள். நல்லபடியாக இருக்கிறார் என்றாள். மழை எப்படி, குளிர் எப்படி என்று பேசிவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகு அவளுக்கு நானும் சேர்ந்து துரோகம் செய்துவிட்டதாகத் தோன்றியது.

உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தால் நீ இன்னும் உள்ளே போய்விடுவாய். அதனால் வேறொன்று எழுதுகிறேன்.

நீ சொன்ன மெஷினை நேரில் பார்த்தேன். அடிவாரத்துக்குப் பக்கத்தில் கூலிக்குப் பிரித்துக் கொடுக்கும் ஒரு மில் இருக்கிறது. அம்மாசியையும் பானுவையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். நம் கொட்டை ஒரு மூட்டை கொண்டுபோயிருந்தோம். மேலே கொட்டினார்கள். அம்மாசி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஏதோ போட்டிக்கு நிற்கிறவள் போல முன்னால் போய் நின்றாள். எட்டு நிமிஷம். நல்லது ஒரு பக்கம், கழிவு ஒரு பக்கம். பானு நல்லதில் இரண்டு கை அள்ளித் தட்டில் பரப்பித் தேடினாள். கருப்பு ஒன்றுகூட இல்லை.

திரும்பி வந்து ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானாவில் இறங்கும்போது அம்மாசி கேட்டாள். "தம்பி எழுதுனது சரிதானுங்க. எங்க கை இத்தன வேகம் போவாதுங்க. அதுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க?"

உன் கணக்கு தப்பில்லை, தனபால். பழத்தை இறக்கச் சொன்னதுதான் தப்பு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டோம்.

எங்கே சாப்பிடுகிறாய், எங்கே தூங்குகிறாய் என்று நினைத்து எனக்கு வேலை ஓடவில்லை. இங்கே வா. இல்லாவிட்டால் எழுது.
அக்கா


ஓசூர்
6.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. நவீனின் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

வேலை போய்விட்டது. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி கடைசி நாள். அதற்கு இரண்டாவது நாள்தான் நான் செம்மநத்தம் வந்தேன். லீவு இல்லை அக்கா.

கம்பெனி எங்கள் பிரிவை வேறு மாநிலத்துக்கு மாற்றிவிட்டது. அங்கே நிலம் மலிவு, துறைமுகம் பக்கம், கரண்டுக்குச் சலுகை. இது எல்லோருக்கும் தெரிந்த காரணம். உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. மாற்றுவதற்கு முன்னால் எட்டு மாதம் ஒரு கணக்கு எடுத்தார்கள். எந்த வேலைக்கு எத்தனை விநாடி, எதை மெஷினிடம் கொடுக்கலாம், எந்த ஆள் தேவையில்லை என்று. ஒவ்வொரு ஆளின் பக்கத்திலும் நின்று அதை எடுத்தவன் நான். என்னோடு மதியம் டப்பாவைப் பகிர்ந்து சாப்பிட்டவர்கள் அவர்கள். "எதுக்கு சார் டைம் பாக்கறீங்க?" என்று கேட்டார்கள். சும்மாதான் என்றேன்.

நீங்கள் அம்மாசியிடம் சொன்ன அதே வார்த்தை. கம்பெனி வாசலில் போய் வாங்கிவந்த உங்கள் முதல் கடிதத்தில் அதைப் படித்துவிட்டு அன்று பட்டறையை விட்டு எழுந்து போய்விட்டேன்.

கணக்கு எடுத்தவனை விட்டுவிட மாட்டார்கள், புது இடத்துக்குக் கூட்டிப்போவார்கள் என்று நம்பியிருந்தேன். கேன்டீன் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். அறுபத்து நான்கு பேர். நாற்பத்தொன்றாவது பெயர் என்னுடையது. வாசலில் யாரும் என்னோடு பேசவில்லை. ஒருவர் மட்டும் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அது இன்னும் மோசமாக இருந்தது.

அடுத்த வாரமே உங்கள் ஷெட்டில் நோட்டோடு உட்கார்ந்தேன். ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. மனிதர்கள் வேலை செய்வதை வேறு எப்படிப் பார்ப்பது என்று மறந்துபோயிருந்தது. அடிவாரத்து ஷெட் ஓட ஆரம்பித்துவிட்டால், வேலையை நானாக விட்டுவிட்டுத் தொழில் தொடங்கினேன் என்று நந்தினியிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதனால்தான் அந்த அவசரம். நாற்பது மூட்டை பழம் அதற்குப் பலியாகிவிட்டது.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. காலை ஏழு மணிக்குக் கிளம்பி வந்துவிடுகிறேன். நீங்களும் சொல்லாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

இனி எதைச் செய்வதென்று நீங்களே சொல்லுங்கள். எனக்கு எந்தக் கணக்கும் பிடிபடவில்லை.

தனபால்


செம்மநத்தம்
19.1.2025

அன்புத் தம்பிக்கு,

பொங்கல் முடிந்தது. மாமா தெம்பாக இருக்கிறார். உன் கடிதத்தை அவருக்கு முழுதாகப் படித்துக் காட்டவில்லை. வேலை போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். "இங்க வந்தாச் சோறு இல்லாமயா போயிரும்?" என்றார். ஊருக்குள் தெரிந்துவிட்டது. அதை மறைக்க என்னால் முடியாது.

நந்தினியிடம் நான் சொல்லமாட்டேன். அது உன்னுடையது.

தொழிலுக்கு வருகிறேன். மாமாவும் நானும், பழம் கொடுக்கிற நான்கு பேரும், ஷெட்டுப் பெண்களில் வந்தவர்களும் உட்கார்ந்து பேசினோம். சத்தம் நிறைய. முடிவு இது. பல்ப்பர் இங்கேயே இருக்கும். களத்துக்கு மேல் கண்ணாடி மாதிரி வெளிச்சம் விடுகிற ஷீட் போட்டுக் கூரை கட்டுகிறோம். கீழே இடுப்புயர வலைமேஜை. வெள்ளக்கடை கிராமத்தில் ஒருவர் மிளகுக்கு அப்படிக் கட்டியிருக்கிறார், போய்ப் பார்த்தோம். பனியிலும் உள்ளே வெதுவெதுப்பாக இருக்கிறது. தார்ப்பாய் வேண்டாம். காய்ந்த பிறகு கொட்டை கீழே போகும், மெஷினில் பிரிப்போம். காய்ந்த கொட்டைக்கு அவசரம் இல்லை. ரோடு பத்து நாள் அடைத்துக்கிடந்தாலும் அது பாட்டுக்கு இருக்கும். நீ எடுத்த ஷெட் குடோனாக இருக்கட்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கூரை கட்டவும் ஆள் வேண்டும். இரண்டும் நீதான்.

பெண்கள் விஷயம்தான் கஷ்டமாக இருந்தது. அம்மாசிதான் ஒரு வழி சொன்னாள். "கொட்டையில கருப்பு எதுனால வருதுங்க? காயையும் பழத்தையும் ஒண்ணா உருவிப் போடறதுனாலதானுங்க. நாலு தரம் போயி, செவந்ததை மட்டும் நாங்க பறிச்சுக் குடுக்கறமுங்க. மெஷினு அதச் செய்யுமுங்களா?" செய்யாது. பெங்களூர்க்காரரிடம் கேட்டேன். பழுத்ததை மட்டும் பறித்தால் கூடுதல் விலை தருவதாகச் சொன்னார். எழுத்தில் தரச் சொல்லியிருக்கிறேன். வரும்வரை நம்ப முடியாது.

எட்டுப் பேர் பறிப்புக்கும் வலைமேஜைக்கும் வருகிறார்கள். மூன்று பேரால் சரிவில் ஏற முடியாது. அவர்களுக்குப் பிப்ரவரியோடு நம்மிடம் வேலை இல்லை. ராசம்மாள் அக்கா அதில் ஒருவர். எப்படியாவது அந்த மூன்றைப் பூஜ்யமாக்கப் பார்த்தேன், தனபால். முடியவில்லை. கூட்டத்தன்று அந்த மூவரும் வரவில்லை. வராமலே தெரிந்துவைத்திருப்பார்கள். ஆனால் இன்னும் யாரும் அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நீ வந்து சொல். நேராக, எதிரில் உட்கார்ந்து. உன் நோட்டைக் கொண்டுவராதே.

அக்கா


ஓசூர்
10.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை நான் ஷெட்டுக்குள் போனபோது நீங்கள் பல்ப்பர் பக்கமே நின்றுவிட்டீர்கள். வெளியே வந்ததும் என்ன நடந்தது என்றும் கேட்கவில்லை. நானும் நேரே பஸ்ஸுக்கு நடந்துவிட்டேன். எழுதினால் கோபம் வராது என்று முன்பு எழுதினேன். அழுகையும் வராது என்று தெரிகிறது.

முதலில் மற்ற இருவரிடமும் சொன்னேன். ஒருவர் தலையாட்டினார். இன்னொருவர் மகள் வீட்டுக்கு எப்படியும் போகவேண்டியதுதான் என்றார். ராசம்மாள் அக்கா கடைசி மூட்டையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். எதிரில் தரையில் உட்கார்ந்தேன். இந்த மாதத்தோடு வேலை இல்லை என்றும், ஏன் என்றும் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. கருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"உன்ற கம்பெனில உனக்கு இப்பிடித்தான் எதுத்தாப்பல உக்காந்து சொன்னாங்களா கண்ணு?"

"இல்லீங்க. செவுத்துல ஒட்டியிருந்தாங்க."

"ஊட்டுல பொண்டாட்டிகிட்டச் சொல்லிட்டியா?"

இல்லை என்றேன். அப்போதுதான் கை நின்றது.

"எம் பொழப்பு போச்சுன்னு சொல்ல இத்தன தூரம் வந்துட்டே. உன்ற பொழப்பு போனத அவகிட்டச் சொல்ல மாட்டேங்கற. அவ யாருன்னு நெனச்சுட்டே நீ?"

நான் எழவில்லை. "போ சாமி. எங்கிட்ட உக்காந்துட்டு இருந்தா எதும் மாறாது. எனக்குக் கோவம் இருக்குது. அது நாளைக்கும் இருக்கும். போ" என்றார். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிட்டார். என்னைத் தேற்றவில்லை. தேற்றுவார் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நந்தினியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்துதான் சொன்னேன். பட்டியல், நான் எடுத்த கணக்கு, சேலத்து டியூட்டி, நாற்பது மூட்டை, எல்லாவற்றையும். எத்தனை மாதமாக என்றாள். ஆறு மாதம் என்றேன். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். கத்துவாள் என்று நினைத்தேன்.

"தெனமும் டப்பா கட்டிக் குடுத்தேனே" என்றாள். "அதையெல்லாம் எங்க உக்காந்து சாப்பிட்டீங்க?"

நவீன் பட்டறைப் படியில் என்றேன். மழை நாளில்? பஸ் ஸ்டாண்டில் என்றேன். தனியாகவா என்றாள். ஆமாம் என்றேன். அவள் துணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். உள்ளே போய்விட்டாள். சாயங்காலம்வரை கதவு சாத்தியிருந்தது. இன்று காலை எழுந்தபோது அடுப்படியில் டப்பா இல்லை. தட்டு வைத்திருந்தாள். இரண்டு தட்டு.

திவ்யாவுக்கு ஏப்ரலில் முழுப் பரீட்சை முடிகிறது. அதற்குப் பிறகுதான் அவர்கள் வர முடியும். வருவதா வேண்டாமா என்று நந்தினி இன்னும் சொல்லவில்லை. சொல்லும்வரை நான் கேட்கப் போவதில்லை. நான் மட்டும் புதன்கிழமை வருகிறேன். மழைக்கு முன்னால் கூரையை முடிக்க வேண்டும். ஷீட்டுக்கு அளவு எடுக்க நாடா மட்டும் போதும்.

மாமாவுக்கும் உங்களுக்கும் என் வணக்கம். ராசம்மாள் அக்காவுக்கு எதையும் சொல்லி அனுப்பவில்லை. நானே போய்ப் பார்க்கிறேன்.

தனபால்